இருபது பேர் மேசைக்குத் தனிக் கணக்கு வேண்டும்: மலையகத்தில் ஜப்பானிய பாணி உணவகம் நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

மலையக நகரங்களில் கிளை வைத்திருக்கும், கிளைக்கு இடம் பார்த்துக்கொண்டிருக்கும் ஜப்பானிய பாணி உணவகச் சங்கிலிகளின் முகாமையாளர்களுக்கும், கொழும்பிலிருந்து அவர்களுக்கு மெனு எழுதி அனுப்புகிறவர்களுக்கும்,

வணக்கம்.

உங்கள் கடைக்கு இரண்டு பேர், நான்கு பேர் வந்து சாப்பிட்டுப் போவதைப் பற்றி எங்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. அதற்கான முறை உங்களிடம் இருக்கிறது, நன்றாகவே ஓடுகிறது. இந்த மடல் கூட்டமாக வருகிறவர்களைப் பற்றியது. பாடசாலையில் ஓர் ஆசிரியருக்குப் பிரியாவிடை, வங்கிக் கிளையின் வருட முடிவுச் சாப்பாடு, உயர்தரம் ஒன்றாகப் படித்தவர்களின் ஒன்றுகூடல், கட்டாரிலிருந்து லீவில் வந்த மகன் குடும்பம் முழுவதையும் வேனில் ஏற்றிக்கொண்டு வருவது: ராமென் என்ற நூடில்ஸ் குழம்பு, பாண் தூளில் பிரட்டிப் பொரித்த இறைச்சியோடு வரும் கட்சு கறி, சுஷி விற்கும் கடைக்கு மலையகத்தில் ஆட்கள் பெரும்பாலும் இப்படித்தான் வருவார்கள். பதினைந்து பேர், இருபது பேர், சில நாளில் முப்பது. நீங்களோ நான்கு பேர் மேசை ஐந்தை ஒட்டிப் போட்டதாகவே அதைக் கணக்கெடுக்கிறீர்கள். குசினியும் அப்படியே கணக்கெடுக்கிறது. எல்லாம் குழம்புவது அங்கேதான்.

கண்டி, ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளைப் பக்கத்து ஹோட்டல் குசினிகளிலும் சாப்பாட்டு மண்டபங்களிலும் வேலை செய்கிறவர்கள் நாங்கள். சொல்ல வருவது ஒன்றுதான். இருபது பேர் மேசைக்கு ஓடரிலிருந்து பில் வரை தனிக் கணக்கு வேண்டும். கொழும்புக் கிளையின் கைநூலை அப்படியே மலையேற்றினால் சரிவராது.

மெனுவின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி போட்டிருப்பீர்கள்: சாப்பாடு சமைத்து முடிந்தபடி வரும், எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வராது. இசகாயா என்ற ஜப்பானிய மதுக்கடை உணவகத்தில் இது நியாயமான வழக்கம். அங்கே சின்னத் தட்டுகள் மேசை நடுவில் வரும், வந்ததை எல்லாரும் பகிர்ந்து எடுப்பார்கள், ஆகவே எது முந்தி வந்தாலும் யாரும் பட்டினி இருப்பதில்லை. லண்டனில் 1992இல் வாகமாமா என்ற ஜப்பானிய பாணி உணவகம் நீண்ட பலகை மேசைகளோடு தொடங்கியபோது அதே விதியை ஆளுக்கொரு கிண்ணம் என்ற சாப்பாட்டுக்கும் வைத்தார்கள். ராமென் அடுப்பு ஒரு வேகத்திலும் பொரிக்கும் சட்டி இன்னொரு வேகத்திலும் ஓடும்போது குசினிக்கு அது பெரிய வசதிதான். ஆனால் தனிக் கிண்ணம் பகிர்ந்து சாப்பிடும் தட்டு அல்ல. முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் இடையில் இருபத்தைந்து நிமிடம் போனால் அது கூட்டுச் சாப்பாடே அல்ல.

எங்கள் ஆட்கள் எப்படிச் சாப்பிடுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. பந்தியில் கடைசி இலைக்கும் சோறு விழும்வரை முதல் இலைக்காரர் கை வைக்கமாட்டார். அதே ஆட்கள்தான் உங்கள் பலகை மேசையிலும் வந்து உட்காருகிறார்கள். அதிபருக்கு முன்னால் கிண்ணம் வரவில்லை என்றால் இளைய ஆசிரியரின் ராமென் அப்படியே இருக்கும். குழம்புக்குள் போன நூடில்ஸுக்கு நல்ல ஆயுள் ஐந்து நிமிடம், மிஞ்சினால் ஏழு. அதற்குப் பிறகு அது குழம்பை உறிஞ்சி ஊதிவிடும். பத்தாவது நிமிடம் வாயில் வைத்தவர், ஜப்பான் சாப்பாடு என்றால் இப்படிக் கொழகொழவென்றுதான் இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டு போவார். அடுத்த முறை கொத்துக் கடைக்குப் போவார். அவர் மேல் குற்றம் சொல்ல முடியாது.

ஆகவே விதியை இரண்டாகப் பிரியுங்கள். நடுவில் வைத்துப் பகிரும் கியோசா (மாவில் மடித்த கொழுக்கட்டை போன்றது), எடமாமே (அவித்த பச்சை சோயா), டெம்புரா (மாவில் தோய்த்துப் பொரித்தது) ஆகியவை சமைத்தபடி வரட்டும். ஆளுக்கொன்றான கிண்ணங்களும் தட்டுகளும் மூன்று நிமிடத்துக்குள் மொத்தமாக மேசைக்குப் போகட்டும்.

இது முடியாத காரியம் என்று குசினியில் சொல்வார்கள். இப்போதைய முறையில் முடியாதுதான். கணக்கைப் பாருங்கள். நூடில்ஸ் அவிக்கும் தொட்டியில் ஆறு கூடைகள். கடலோர ஊரில் இரண்டு நிமிடத்தில் வெந்துவிடும் நூடில்ஸ் நுவரெலியாவில் மூன்றை நெருங்கும். தண்ணீர் மறுபடி கொதி ஏற ஒரு நிமிடத்துக்கு மேல். இருபது ராமென் என்றால் நான்கு தடவை, ஏறக்குறைய 16 நிமிடம். முதல் ஆறு கிண்ணமும் ஊதிய பிறகுதான் கடைசி இரண்டும் வெளியே வரும். பொரிக்கும் பக்கம் இதைவிட மோசம். 8 லீற்றர் எண்ணெய்ச் சட்டியில் 130 கிராம் கோழித் தொடை நான்குக்கு மேல் போட்டால் எண்ணெய் 175 பாகையிலிருந்து சரிந்துவிடும்; பாண் தூள் மொறுமொறுப்பாகாமல் எண்ணெய் குடிக்கும். நான்கு நான்காக, தடவைக்கு ஐந்து நிமிடம், எண்ணெய் சூடேற இடைவெளி என்று பார்த்தால் இருபது துண்டுக்கு அரை மணிநேரம்.

அதனால் கூட்டத்தின் ஓடர் கலந்திருக்க வேண்டும், முன்கூட்டியே கைக்கு வந்திருக்க வேண்டும். இருபது பேரில் ராமென் ஆறுக்கு மேல் வேண்டாம். கூடைக் கணக்கு அது. மிச்சம் எட்டு கட்சு கறி, ஆறு யாகிசோபா (வறுத்த நூடில்ஸ்) என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்சுவை இரண்டு தடவை பொரிப்பதுதான் தந்திரம். பரிமாறும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்பே 160 பாகையில் மூன்றரை நிமிடம் பொரித்து, கம்பித் தட்டில் நிற்க விடுங்கள். கடதாசியின் மேல் படுக்கப் போடக்கூடாது, கீழ்ப்பக்கம் ஈரமாகிவிடும். நிற்கும் ஐந்து நிமிடத்தில் உள்ளே இருக்கும் சூடே நடுச்சதை வரை போகும். பிறகு 185 பாகையில் ஒரு நிமிடம். இந்த இரண்டாம் பொரிப்பில் துண்டு ஏற்கெனவே சூடாக இருப்பதால் எண்ணெய் அவ்வளவு இறங்காது. ஒரே தடவையில் எட்டும் போடலாம். ஒன்று கவனியுங்கள்: முதற்பொரிப்பு இறைச்சியை மணிக்கணக்கில் வெளியே வைக்கக்கூடாது. இருபது நிமிடத்துக்கு மேல் போகும் என்றால் முதற்பொரிப்பையே தள்ளிப் போடுங்கள். இரண்டாம் பொரிப்பு முடிந்ததும் தடித்த துண்டொன்றின் நடுவில் வெப்பமானியைக் குத்திப் பாருங்கள், 75 பாகை காட்ட வேண்டும்.

12.30க்கு ஆட்கள் உட்காருகிறார்கள் என்றால் ஓட்டம் இப்படி இருக்கும். சோறு 12.15க்கே வெந்து மூடியோடு நிற்கிறது. கட்சு கறி கேட்ட எட்டுப் பேருக்குக் கறி 2 லீற்றர், ஆளுக்கு 200 மில்லிலீற்றர் கணக்கில் மேலதிகமும் சேர்த்து, 63 பாகைக்குக் கீழே இறங்காமல் சூட்டுத் தொட்டியில். 12.32க்குத் தேநீர். 12.35 முதல் கியோசாவும் எடமாமேயும் நடுவில் வருகின்றன, அவசரம் இல்லை. 12.38க்கு கட்சு முதற்பொரிப்பு, நான்கு நான்காக. 12.46க்கு யாகிசோபா, தாச்சியில் ஒரு தடவைக்கு மூன்று பேருக்கு மேல் போட்டால் வறுபடாமல் அவிந்துவிடும், ஆகவே இரண்டு தடவை. 12.53க்கு ஆறு கூடையும் ஒன்றாக இறங்குகிறது, அதே நேரத்தில் கட்சு இரண்டாம் பொரிப்பு. 12.54க்குக் கிண்ணங்களில் குழம்பு, சோற்றின் மேல் கறி. 12.57க்கு மூன்று பேர் தட்டங்களோடு வெளியே வருகிறார்கள். குழம்போடு ஒரு ராமென் கிண்ணம் ஒன்றரைக் கிலோ வரும், ஒரு ஆள் நான்குக்கு மேல் தூக்க வேண்டாம். ஒரு மணிக்கு இருபது பேரும் சாப்பிடுகிறார்கள்.

சோற்றின் மேல் கோழியும் முட்டையும் வரும் ஒயாகோடோனை மட்டும் கூட்ட மெனுவிலிருந்து எடுத்துவிடுங்கள். ஆளுக்கு ஒரு சின்னச் சட்டியில் முட்டை ஊற்றி நான்கு நிமிடம் நிற்க வேண்டிய சாப்பாடு அது. எட்டுப் பேர் அதைக் கேட்டால் மேலே சொன்ன ஓட்டம் முழுவதும் கவிழ்ந்துவிடும்.

இனி மலையின் கணக்கு. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் கொதிப்பது 94 பாகைக்குச் சற்றுக் கீழே. ஹட்டனிலும் பண்டாரவளையிலும் 96 அளவில், கண்டியில் 98 சொச்சம். கண்டிக் கிளைக்கு இது பெரிய விஷயம் இல்லை, நுவரெலியாவுக்கு இதுதான் விஷயமே. கைநூலில் ஆறரை நிமிடம் என்று இருக்கும் முட்டையை அப்படியே அவித்தால் வெள்ளைக்கரு நடுங்கும். இங்கே ஏழரை நிமிடத்துக்கு மேல் வேண்டும். கியோசாவுக்கு மூடி போட்டு ஆவியில் விடும் நேரத்தோடு ஒன்றிரண்டு நிமிடம் கூட்டுங்கள். எலும்புக் குழம்பைத் திறந்த பானையில் காய்ச்சினால் மணிநேரமும் கேஸும் போய்க்கொண்டே இருக்கும், பெரிய பிரஷர் குக்கர் ஒன்று வாங்குவது மலிவு.

சோறுதான் அதிகம் பழுதாகிறது. ஜப்பானியக் குட்டை அரிசிக்குக் கைநூல் ஒரு கப்புக்கு ஒன்றே கால் கப்புக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர், அரை மணிநேர ஊறல் என்று சொல்லும். நுவரெலியாவில் ஒன்றே கால் கப்பைத் தாண்டுங்கள், ஊறல் ஒரு மணிநேரம் ஆகட்டும். குக்கர் நின்ற பிறகு மூடியைத் திறக்காமல் இருபது நிமிடம் விடுங்கள். இந்தக் குளிரில் மூடியைத் திறந்து திறந்து பார்த்தால் மேல் அரிசி நடுவில் கல்லாக நிற்கும். அளவு என்று பார்த்தால் ஆளுக்கு வெந்த சோறு 250 கிராம், இருபது பேரும் சோறு எடுத்தால் 5 கிலோ, அதற்கு அரிசி இரண்டேகால் கிலோ போதும் என்பது காகிதக் கணக்கு. இங்கே இரண்டாம் தடவை சோறு கேட்பார்கள், கேட்காவிட்டால்தான் அதிசயம். 3 கிலோ போடுங்கள். ஒரே குக்கரில் நிறைத்து வைக்காமல் இரண்டில் பிரித்து வையுங்கள், அடிச்சோறு நசியாது.

செலவைக் குறைக்கக் கீரிச் சம்பாவில் சுஷி செய்து பார்க்கிற கிளைகளும் உண்டு. மணி சின்னதாக இருந்தால் ஒட்டும் என்று நினைப்பது பிழை. ஒட்டுவதும் ஒட்டாததும் மாப்பொருளில் அமைலோஸ் எவ்வளவு என்பதைப் பொறுத்தது. ஜப்பானிய அரிசியில் அது குறைவு, நம் நாட்டு அரிசிகளில் பெரும்பாலும் அதிகம். கீரிச் சம்பா நல்ல அரிசி, கறியோடு பரிமாறுங்கள். சுஷிக்கு வேண்டாம். சுஷிச் சோற்றுக்கு ஒரு கிலோ அரிசிக்கு 130 மில்லிலீற்றர் அரிசி வினாகிரி, 60 கிராம் சீனி, 20 கிராம் உப்பு என்ற அளவு எந்த உயரத்திலும் மாறாது. ஆனால் சோறு உடல் சூட்டில் இருக்க வேண்டும், நுவரெலியா இரவில் குசினியே 14, 15 பாகையில் இருக்கும். திறந்து வைத்தால் ஒரு மணிநேரத்தில் மணிமணியாக இறுகிவிடும். ஈரத்துணியால் மூடிச் சூடு தாங்கும் பெட்டியில் வையுங்கள். நோரி என்ற கடற்பாசித் தாள் சுற்றியதைப் பனிக்கால ஈரத்தில் கால் மணிநேரத்துக்கு மேல் வைத்தால் அது ஈரக் கடதாசிதான்.

கிண்ணங்களைச் சூடாக்காத கிளைகளைப் பார்த்தால் எங்களுக்குக் கோபமே வரும். 14 பாகையில் இருக்கும் 700 கிராம் பீங்கான் கிண்ணத்தில் 90 பாகைக் குழம்பு 350 மில்லிலீற்றர் ஊற்றினால், கிண்ணம் மட்டுமே 20 பாகைக்கு மேல் உறிஞ்சிவிடும். மேசைக்குப் போகும்போது 65 பாகைதான் மிஞ்சும். கொழும்பில் யாருக்கும் இது தெரியாது, அங்கே கிண்ணமே 30 பாகையில் இருக்கிறது. நூடில்ஸ் தொட்டியின் சுடுதண்ணீரை ஒரு நிமிடம் கிண்ணத்தில் ஊற்றி வைத்துக் கொட்டினால் போதும், ஒரு சதம் செலவில்லை.

கேஸ் விஷயமும் குளிரோடு சேர்ந்ததுதான். சிலிண்டரில் இருப்பதில் பியூட்டேன் குளிரில் ஆவியாகத் தயங்கும். கூட்டம் வந்து எல்லா அடுப்பையும் ஒன்றாக எரிக்கும்போது 12.5 கிலோ சிலிண்டர் தானே குளிர்ந்து வெளியில் வியர்க்கும், சுடர் சுருங்கும், தாச்சி சூடேறாது. சமையற்காரர் அவசரத்தில் சிலிண்டர் மேல் சுடுதண்ணீர் ஊற்றுவார், அல்லது அடுப்புப் பக்கம் நகர்த்துவார். இரண்டும் ஆபத்து. வெளியே காற்றோட்டமான கூண்டில் 37.5 கிலோ சிலிண்டர்கள் இரண்டு மூன்றை ஒன்றாக இணைத்து வையுங்கள். ஒவ்வொன்றிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கும்போது குளிராது.

இதைவிடப் பெரிய ஆபத்து மேசையில் இருக்கிறது. குளிர் என்று ஜன்னல் எல்லாவற்றையும் அடைத்துவிட்டு, நடுவில் கரி அடுப்பு வைத்து யாகினிகு (மேசையிலேயே சுடும் இறைச்சி), கேனிஸ்டர் அடுப்பு வைத்து நாபே (மேசையிலேயே கொதிக்கும் சட்டிக் குழம்பு). ஏப்ரல் சீசனில் வருகிறவர்களுக்கு இது பிடிக்கும் என்பது உண்மை. கரி எரியும்போது வரும் காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. மூடிய அறையில் இருபது பேரோடு நான்கு கரி அடுப்பு எரிந்தால் முதலில் தலையிடி, பிறகு மயக்கம். ஒவ்வொரு அடுப்புக்கும் மேலே புகை உறிஞ்சி வேண்டும், உறிஞ்சிய காற்றுக்கு ஈடாக வெளிக்காற்று உள்ளே வர வழி வேண்டும், சுவரில் எச்சரிக்கைக் கருவி வேண்டும். மூன்றும் இல்லாத கிளை கரி அடுப்பைத் தொடவே கூடாது. கேனிஸ்டர் அடுப்பில் கேனிஸ்டரை மறைக்கும் அளவுக்கு அகலமான சட்டி வைக்கக்கூடாது என்பதையும் பரிமாறுகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். சூடு திரும்பி அடித்தால் கேனிஸ்டர் வெடிக்கும்.

அடுத்தது, எது எதில் என்ன இருக்கிறது என்பது. இருபது பேர் மேசையில் மாடு தின்னாதவர், பன்றி தொடாதவர், ஹலால் பார்ப்பவர், சைவம், முட்டையும் சேர்க்காத சைவம், இறால் ஒத்துக்கொள்ளாதவர் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்திருப்பார்கள். வெள்ளிக்கிழமை என்றால் அலுவலகத்துத் தமிழர்களில் பாதிப் பேர் மரக்கறி. போயா நாளில் சிங்கள நண்பர்களும் அப்படியே. கந்தசஷ்டி ஆறு நாளும் கேட்கவே வேண்டாம். உங்கள் மெனுவோ ஒரு பச்சை இலையை வரைந்து வைத்துவிட்டு ஓய்ந்துவிடுகிறது.

அந்த இலை பல இடங்களில் பொய் சொல்கிறது. மிசோ சூப்பில் டோஃபுவும் லீக்ஸும் மிதந்தால் அது சைவம் ஆகிவிடாது, அடியில் இருக்கும் டாஷி என்ற அடிச்சாறு கட்சுவோபுஷியில் எடுத்தது. கட்சுவோபுஷி என்பது பலயா மீனை அவித்து, புகைபோட்டு, காயவைத்தது. நம் வீட்டு மாசியும் அதே மீன்தான், ஏறக்குறைய அதே வேலைதான். மாசி போட்ட சம்பலைச் சைவம் என்று இங்கே யாரும் வைக்கமாட்டார்கள். டெம்புராவுக்குத் தொட்டுக்கொள்ளும் சாறு, அகெடாஷி டோஃபுவின் சாறு, உடோன் குழம்பு எல்லாவற்றிலும் இதே டாஷி. கடையில் வாங்கும் ஜப்பானியக் கறிக் கட்டிகள் பலவற்றில் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ இருக்கும். மேலே மரக்கறி போட்டு மரக்கறிக் கறி என்று விற்கும் கிளை பெட்டியின் பின்பக்கத்தை வாசிக்கவில்லை என்று அர்த்தம். பாண் தூள் ஒட்டுவதற்கு முட்டை, மயோனெய்சில் முட்டை, பல ராமென் நூடில்ஸிலும் முட்டை.

இதற்கு வழி கடினமில்லை. ஒரு லீற்றர் தண்ணீரில் 10 கிராம் கொம்புவும் (காய்ந்த கடற்பாசி) காய்ந்த ஷீடாகே காளான் நான்கைந்தும் இரவே ஊறப் போடுங்கள். காலையில் மெதுவாகச் சூடாக்கி, கொதி வருமுன் கொம்புவை எடுத்துவிடுங்கள். கொதித்தால் வழுவழுப்பும் கசப்பும் இறங்கும். சைவ டாஷி தயார். இது ஏதோ குறைந்த சரக்கு என்று நினைக்க வேண்டாம். 1908இல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகேடா குளுட்டமேற்றைப் பிரித்தெடுத்து அந்தச் சுவைக்கு உமாமி என்று பெயர் வைத்ததே இந்தக் கொம்புச் சாற்றிலிருந்துதான். கூட்டம் வரும் நாளில் மிசோ சூப் முழுவதையும் இதிலேயே செய்துவிடுங்கள், இரண்டு பானை வேண்டாம், மீன் தின்கிறவருக்கும் குறை தெரியாது. கறிக்குக் கட்டியை விட்டுவிட்டு, லீற்றருக்கு 60 கிராம் கோதுமை மாவும் அதே அளவு எண்ணெயும் பழுப்பு நிறம் வரும்வரை வறுத்துக் கறித்தூள் சேர்த்தால் அதே கெட்டி வரும். அதுதான் அடிக்கறி. கட்சுத் துண்டோ வற்றாளையோ பிறகு மேலே வைப்பது.

சமையலில் சேர்க்கும் இனிப்பு அரிசி மதுவான மிரினைப் பற்றி மறைக்க வேண்டாம். அசல் மிரினில் 14 சதவீதம் அளவில் மதுசாரம் இருக்கிறது, சாகே என்ற அரிசி மதுவிலும் ஏறக்குறைய அப்படியே. கொதித்தால் போய்விடும் என்று கவுண்டரில் நின்று வாதாடாதீர்கள். அதைத் தீர்மானிப்பது சாப்பிடுகிறவர். கம்பளையிலிருந்தோ அக்குறணையிலிருந்தோ வரும் குடும்பம் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள், கூட்ட மெனுவுக்குச் சீனிப் பாகும் கொஞ்சம் அரிசி வினாகிரியும் வைத்துச் செய்யுங்கள். பன்றி எலும்புக் குழம்பு ஒன்றையே எல்லா ராமெனுக்கும் அடியாக வைத்திருக்கும் கிளை, மேசையில் நான்கைந்து பேரைச் சும்மா உட்கார வைக்கிறது. கோழிக் குழம்பை அடியாக வையுங்கள். பன்றி கேட்கிறவருக்கு மேலே துண்டாகப் போடலாம், அதற்குத் தனிப் பலகை, தனிக் கத்தி. பொரிக்கும் சட்டி இரண்டாவது வேண்டும், மரக்கறிக்கு மட்டும். வாங்க வசதியில்லை என்றால் மரக்கறி டெம்புராவை முதலில், புது எண்ணெயில் முடித்துவிடுங்கள். லீக்ஸ், கரட், போஞ்சி, பூசணி எல்லாம் காலையில் பிடுங்கியது கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கும் ஊரில், உறைந்த டெம்புரா மரக்கறிப் பைகளைக் கொழும்பிலிருந்து லொறியில் ஏற்றி அனுப்புவது எங்களுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மெனுவில் இலைக்குப் பதில் ஒரு வரி எழுதுங்கள், தமிழிலும் சிங்களத்திலும். இப்படி: “கட்சு கறி. பாண் தூளில் பிரட்டிப் பொரித்த கோழி, சோறு, இனிப்பு கலந்த கெட்டிக் கறி. முட்டை, கோதுமை, சோயா உண்டு. பன்றி, மாடு இல்லை. இதே எண்ணெயில் இறாலும் பொரிக்கிறோம்.” அந்தக் கடைசி வாக்கியத்தை எழுதத்தான் மனம் வராது. ஒத்துக்கொள்ளாதவரை ஆஸ்பத்திரிக்குப் போகாமல் காப்பாற்றுவது அதுதான்.

பச்சை மீன் பற்றிச் சுருக்கமாக. பேலியகொடைச் சந்தையிலிருந்து வண்டி வளைந்து வளைந்து ஏறி வர அரை நாள் ஆகும், மழைக்காலத்தில் மண் சரிந்தால் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. கெலவல்லா மீன் வழியில் 4 பாகைக்கு மேல் போனால் ஹிஸ்டமின் உண்டாகும்; பிறகு எவ்வளவு சமைத்தாலும் அது போகாது, முகம் சிவந்து அரிக்கும். வண்டியில் வெப்பநிலை பதியும் கருவி இல்லாமல் வந்த மீனைப் பச்சையாகப் பரிமாறாதீர்கள், கூட்டத் தட்டில் அறவே வேண்டாம். உள்ளூர் ட்ரவுட் புதிது என்று பச்சையாக வெட்டுவதும் கூடாது. நன்னீர் மீனில் புழு இருக்கலாம், உறைய வைப்பதென்றால் 20 பாகை மறையில் ஏழு நாள். வீட்டு ஃபிரிட்ஜின் மேல்தட்டு அதைச் செய்யாது. வெள்ளரி, ஒம்லட், அவித்த இறால், ஊறுகாய் முள்ளங்கி போட்டு நல்ல சுஷித் தட்டு அடுக்கலாம்.

மண்டபத்தில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ஒவ்வொரு இருக்கைக்கும் ஓர் எண். வாசல் பக்கத்து மூலை ஒன்று, அங்கிருந்து கடிகாரச் சுற்றில். ஓடர் துண்டில் “7, கட்சு, 8, யாகிசோபா, முட்டை இல்லை” என்று போனால் பரிமாறுகிறவர் மேசை நடுவில் நின்று “கட்சு யாருக்கு, கட்சு யாருக்கு” என்று கூவத் தேவையில்லை. பில்லையும் அதே எண்ணில் பிரிக்கலாம். முதுகுச் சாய்வு இல்லாத பலகையில் வயதானவர்களை நடுவில் நெருக்காமல் ஓரத்தில் உட்கார வையுங்கள். கரண்டியும் முள்ளும் கேட்காமலே வைத்திருங்கள். சுஷியைக் கையால் எடுக்கிறவரைப் பார்த்துப் பரிமாறும் பிள்ளைகள் சிரிக்கக்கூடாது. ஜப்பானிலும் அதைக் கையால் சாப்பிடுவது பழைய வழக்கம்தான். சுடுதண்ணீர் வரும் கை கழுவும் இடம் ஒன்று போதும்.

தேநீர் பற்றியும் ஒரு வார்த்தை. ஜன்னலுக்கு வெளியே தேயிலை, மேசையில் இறக்குமதி செஞ்சா (ஜப்பானியப் பச்சைத் தேயிலை) பைக்கட்டு மட்டும். பிளேன்டீ கேட்டால் மெனுவில் இல்லை என்பது பதில். வையுங்கள், ஐயா.

பில்லில் சண்டை வருவதற்குக் காரணம் மெனுவில் இருக்கிறது. 2,000 ரூபாய் என்று அச்சிட்டிருப்பது 10 சதவீத சேவைக் கட்டணமும் 18 சதவீத வற்வரியும் ஏறினால் 2,560க்குக் குறையாது. ஆளுக்கு 2,000 வீதம் இருபது பேரிடம் 40,000 சேர்த்துக்கொண்டு வந்த ஆசிரியை, 11,200 ரூபாயைக் கைக்காசிலிருந்து போடவேண்டி வரும். கூட்டப் பதிவுக்கு எல்லாம் சேர்த்த ஒரே விலையைச் சொல்லுங்கள்.

பதிவு எடுக்கும்போது கேட்கவேண்டியது ஒரு தாளுக்குள் அடங்கும். எத்தனை பேர், அதில் சைவம் எத்தனை, முட்டையும் வேண்டாதவர் எத்தனை, ஹலால் எத்தனை, மாடு வேண்டாதவர் எத்தனை, ஒத்துக்கொள்ளாதது என்ன, பிள்ளைகள், நடக்கக் கஷ்டப்படுகிறவர்கள், மூன்று பிரதான சாப்பாட்டில் ஆளுக்கு எது. இரண்டு நாளுக்கு முன் இது கைக்கு வந்துவிட வேண்டும். அதோடு இன்னொரு கேள்வியும்: எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும். மாலை ஆறு, ஆறரைக்குப் பிறகு தோட்டங்களுக்குப் பஸ் அருமை, வாடகை வேன்காரரும் மூடுபனிக்கு முன் இறங்கப் பார்ப்பார். அந்த நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணிச் சாப்பாட்டு நேரத்தை நீங்களே சொல்லுங்கள். மிச்சத்தைப் பாசல் கட்டிக் கேட்டால் சோறும் கட்சுவும் கட்டலாம். ராமெனுக்கு நூடில்ஸ் வேறு, குழம்பு வேறு. பச்சை மீன் எதையும் கட்டிக்கொடுக்க வேண்டாம்.

இப்படிக்கு,
மலையக ஹோட்டல் குசினிகளிலும் சாப்பாட்டு மண்டபங்களிலும் வேலை செய்யும் சிலர்